அம்மாவின் செடிகள் காணாமல் போன மதியம்

"ஒரே ஒரு கிளிக்தான்" என்று மாமா சொல்லி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

கடுகு முக்காலியில் உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்து, கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஐந்தாம் வகுப்பு. வகுப்பிலேயே குட்டையானவள் என்பதால் கடுகு. அவளுடைய நண்பன் வகுப்பிலேயே நெட்டையானவன் என்பதால் ஒட்டடைக்குச்சி.

அந்த ஒட்டடைக்குச்சிதான் இப்போது காலில் கட்டோடு வீட்டில் படுத்திருக்கிறான். மதில்மேல் விழுந்த பந்தை எடுக்க ஏறினான். பந்து பத்திரமாக இறங்கியது, அவன்தான் விழுந்து காலை ஒடித்துக்கொண்டான். வகுப்புச் சுவரில் ஒட்டும் கையெழுத்து இதழுக்குப் படம் வரைபவன் அவன். "நான் இல்லாம இதழா? என்னால பார்க்கக்கூட முடியாதே" என்று தொலைபேசியில் மூக்கை உறிஞ்சினான்.

அப்போதுதான் கடுகுக்கு ஒரு யோசனை வந்தது. இதழை இணையத்தில் போட்டுவிட்டால் அவன் படுத்தபடியே படிக்கலாம், கீழே கருத்தும் எழுதலாம். வகுப்பே துள்ளிக் குதித்தது. எல்லோரும் எழுதித் தந்தார்கள். இன்று மாலைக்குள் இதழ் வந்துவிடும் என்று ஒட்டடைக்குச்சியிடம் சொல்லியும் விட்டாள்.

"அந்த வேலையை என்கிட்ட விடு" என்றார் மாமா. அவர் அம்மாவின் தம்பி. வீட்டில் அவருக்கு 'அவசரம்' என்று பெயர்.

வீட்டுக்குப் பின்னால் அம்மா செடி நாற்றுகள் வளர்த்து விற்கிறாள். அதற்கு ஒரு வலைத்தளம் உண்டு. தளத்தை வைக்க இணையத்தில் வாடகைக்கு எடுத்த இடம் நிறையவே காலியாகக் கிடந்தது. "அதுலயே ஒரு ஓரமா உங்க இதழையும் வச்சுக்கோங்க" என்று அம்மா அனுமதி கொடுத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டாள்.

அந்த இடத்தை நிர்வகிக்கும் பக்கத்துக்குக் கன்ட்ரோல் பேனல் என்று பெயர். திறந்ததும் திரை முழுக்கச் சின்னச் சின்னப் படங்கள், மளிகைக் கடை அலமாரி மாதிரி. மாமா ஒவ்வொன்றையும் தட்டித் தட்டிப் பார்த்தார். மின்னஞ்சலுக்கான பக்கம் வந்தது. மூடினார். ஏதோ வரைபடம் வந்தது. மூடினார். மறுபடியும் மின்னஞ்சல் வந்தது.

"இதை இப்பதானே மூடுனேன்" என்று பல்லைக் கடித்தார்.

"மாமா, 'செயலிகளை நிறுவு'ன்னு கீழ ஒண்ணு இருக்கு."

"தெரியும், தெரியும். அதுக்குத்தான் வந்துகிட்டிருக்கேன்."

உள்ளே இதழ் போன்ற தளங்களை உருவாக்கும் செயலி ஒன்று இருந்தது. நிரப்ப வேண்டிய பெட்டிகள் வரிசையாக வந்தன. மாமா படபடவென்று தட்டினார். கடவுச்சொல் பலவீனமாக இருக்கிறது என்றது திரை. வேறொன்று கொடுத்தார். இதுவும் பலவீனம் என்றது.

"நீதான் பலவீனம்" என்று திரையைத் திட்டினார் மாமா.

ஒருவழியாக நான்காவது கடவுச்சொல்லை அது ஏற்றுக்கொண்டது. உடனே சிவப்பு எழுத்தில் நீளமாக ஏதோ வந்தது.

"மாமா, இருங்க. அதுல என்னமோ எழுதியிருக்கு. படிச்சுப் பார்ப்போம்."

"இதெல்லாம் சும்மா எழுதுவாங்க கண்ணு. யாரு படிக்கிறா?" என்றபடி மாமா பக்கத்திலிருந்த கட்டத்தில் டிக் போட்டு, பச்சைப் பொத்தானை அழுத்தினார்.

ஒரு கோடு மெல்ல நகர்ந்து நிறைந்தது. வெள்ளைப் பக்கம் ஒன்று திறந்தது. அதில், 'வணக்கம் உலகமே' என்று இருந்தது.

"பாத்தியா" என்று மாமா நாற்காலியில் சாய்ந்தார். "ஒரே கிளிக்."

கடுகு திரைக்கு மிக அருகில் போய்ப் பார்த்தாள். "மாமா, மேல இருக்கிறது அம்மாவோட தளத்து முகவரிதானே?"

"ஆமா."

"அப்ப செடியெல்லாம் எங்க?"

மாமா மெல்ல நிமிர்ந்தார். பக்கத்தைப் புதுப்பித்தார். வணக்கம் உலகமே. இன்னொரு முறை புதுப்பித்தார். உலகத்துக்கு மறுபடியும் வணக்கம் சொன்னது. செம்பருத்தி இல்லை, கற்றாழை இல்லை, அம்மாவின் தொலைபேசி எண்கூட இல்லை.

"ஓர் ஓரமாத்தானே வைக்கச் சொன்னாங்க" என்றாள் கடுகு. அவளுக்கு அழுகையும் வந்தது, எரிச்சலும் வந்தது. எதை முதலில் வெளியே விடுவது என்று தெரியவில்லை.

"எந்த ஃபோல்டர்ல வைக்கணும்னு ஒரு பெட்டி கேட்டுச்சு. அதுல ஏதோ ஒரு சொல் தேவையில்லாம கிடந்துச்சு. அழிச்சிட்டேன்" என்றார் மாமா. குரல் பாதியாகக் குறைந்திருந்தது. "அம்மாகிட்ட சொல்லிடாதே. இதோ பாரு, 'கணக்கை முழுசா ரீசெட் செய்'னு ஒண்ணு இருக்கு. அதை அழுத்திட்டா எல்லாம் பழையபடி ஆயிடும்."

கடுகு சட்டென்று மௌசின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டாள். "வேண்டாம் மாமா. எது என்னன்னு தெரியாம இனி எதையும் அழுத்த வேண்டாம்."

"அப்ப உதவி மையத்துல கேக்கிறேன்" என்று மாமா அரட்டைப் பெட்டியைத் திறந்தார். 'உங்கள் பேனல் சுத்த மோசம். எதுவும் வேலை செய்யவில்லை. உடனே சரிசெய்யவும்' என்று எழுதினார்.

'வணக்கம். எந்தச் சேவை வேலை செய்யவில்லை?' என்று பதில் வந்தது.

'எல்லாம்' என்று எழுதினார் மாமா.

'உங்கள் இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்' என்று பதில் வந்தது.

மாமா இரண்டு கைகளாலும் தலைமுடியைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்தபோது கடுகுக்குக் கோபம் கொஞ்சம் இறங்கியது. அவளுக்காகத்தானே விடுமுறை நாளில் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

"மாமா, நீங்க போய்க் கொஞ்சம் தண்ணி குடிங்க. நான் எழுதிப் பார்க்கிறேன்."

நடந்ததை நடந்தபடியே எழுதினாள். 'அக்கா அல்லது அண்ணா, தப்பு எங்களுடையதுதான். இதழுக்காக ஒரு செயலியை நிறுவினோம். ஃபோல்டர் பெயரை அழித்துவிட்டோம். சிவப்பு எழுத்தைப் படிக்காமல் டிக் போட்டுவிட்டோம். இப்போது அம்மாவின் செடித் தளம் தெரியவில்லை. ரீசெட் செய்யவில்லை. அதைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?'

இந்த முறை பதில் வேறு மாதிரி வந்தது. 'நன்றாக விளக்கினீர்கள். ஃபோல்டர் பெயர் இல்லாததால் புதிய தளம் பழையதை அழித்து அதன் இடத்திலேயே உட்கார்ந்துவிட்டது; சிவப்பு எழுத்து அதைத்தான் எச்சரித்தது. ரீசெட் செய்யாமல் இருந்தது மிகவும் நல்லது. செய்திருந்தால் காப்பு நகல்களும் போயிருக்கும். உங்கள் இடத்தை நாங்கள் தினமும் நகல் எடுத்து வைக்கிறோம். பேனலில் 'பேக்கப்' என்று இருக்கும். இன்றைக்கு முன் தளத்தைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று தெரியுமா? அதற்குப் பிறகு எடுத்த நகலைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.'

அது கடுகுக்குத் தெரியாது. மாமாவுக்கும் தெரியாது. தெரிந்தவள் தோட்டத்தில் இருந்தாள்.

"கேட்டுத்தான் ஆகணும்" என்றாள் கடுகு.

மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார்.

கேட்கவே தேவைப்படவில்லை. மண் ஒட்டிய கையில் தொலைபேசியோடு அம்மாவே உள்ளே வந்தாள். "ஒருத்தர் கூப்பிட்டு, 'செடிக் கடையை மூடிட்டீங்களா'ன்னு கேக்கிறார். புது ஆபீசுக்கு நாளைக்குத் தொட்டிகள் வேணுமாம். தளத்துல உலகத்துக்கு வணக்கம்னு மட்டும் இருக்காம். என்னடா பண்ணி வச்சிருக்கே?"

'டா' மாமாவுக்கு. ஆனால் கடுகுதான் பதில் சொன்னாள், ஒன்றுவிடாமல்.

அம்மா கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். "அவசரத்துல அண்டாவுக்குள்ளகூடக் கை நுழையாதுடா. உன் கையை அண்டாவுக்குள்ள விட்டு, அண்டாவையே கவுத்துட்டே."

"சாரிக்கா."

"நேத்து சாயந்திரம்தான் புது ரோஜாப் படம் போட்டேன். அதுக்கப்புறம் எதுவும் தொடலை" என்றாள் அம்மா.

இன்று விடியற்காலையில் எடுத்த நகல் ஒன்று பட்டியலில் இருந்தது. உதவி மையத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். முதலில் புதிதாக நிறுவியதை நீக்கவேண்டும், பிறகு நகலிலிருந்து பழைய தளத்தை மீட்கவேண்டும். கடுகு திரையில் வந்த வரிகளை உரக்கப் படித்தாள். படித்து முடித்த பிறகுதான் மாமா மௌசை அழுத்தலாம் என்று விதி போட்டாள். மாமாவின் விரல் துடித்தது. இரண்டு முறை அவள் வரி முடிவதற்குள் நகர்ந்தது. அம்மா தொண்டையைச் செருமினாள். விரல் திரும்பி வந்தது.

கோடு நகர்ந்தது. மிக மெதுவாக நகர்ந்தது.

பக்கம் திறந்தது. முதலில் வந்தது நேற்றுப் போட்ட ரோஜா. பின்னாலேயே செம்பருத்தியும் கற்றாழையும் தொலைபேசி எண்ணும்.

அம்மா உடனே அந்த வாடிக்கையாளரைக் கூப்பிட்டாள். "கடை திறந்துதான் இருக்குங்க. என் தம்பி கொஞ்ச நேரம் சாத்தி வச்சிருந்தான்" என்று சொல்லிக்கொண்டே தோட்டத்துக்கு நடந்தாள்.

"இதழை நாளைக்குப் பண்ணலாமா கண்ணு?" என்று மாமா மெல்லக் கேட்டார்.

"ஒட்டடைக்குச்சி காத்துகிட்டிருப்பான் மாமா. படிச்சுப் படிச்சுப் பண்ணுனா வந்துடும்."

மறுபடியும் பெட்டிகள். மறுபடியும் கடவுச்சொல் பலவீனம். மாமா பெருமூச்சு விட்டாரே தவிரத் திட்டவில்லை. ஃபோல்டர் பெயர் கேட்ட பெட்டியில் கடுகு 'இதழ்' என்பதை ஆங்கில எழுத்துகளில் தட்டினாள். அதை மாமா இருமுறை சரிபார்த்தார். இந்த முறை சிவப்பு எழுத்து வரவேயில்லை. அம்மாவின் ரோஜா ஒரு முகவரியில் இருந்தது, வகுப்பின் இதழ் அதன் ஓரத்தில் தனியாகப் பிறந்தது.

கதைகளையும் விடுகதைகளையும் ஏற்றி முடித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. ஒட்டடைக்குச்சிக்கு முகவரியை அனுப்பினாள். சற்று நேரத்தில் முதல் கருத்து வந்தது.

'எல்லாம் படிச்சிட்டேன். ஆனா 'நண்பன் நலம்பெற வாழ்த்து'ல வலது கால்னு போட்டிருக்கீங்க. ஒடிஞ்சது இடது கால். எனக்குத் தெரியாதா?'

"இவ்வளவு பாடுபட்டும் குறை சொல்றான் பாரு" என்று மாமா தலையில் அடித்துக்கொண்டார். கடுகுக்கோ சிரிப்பு தாங்கவில்லை.

'வலது' என்பதை அழித்து 'இடது' என்று எழுதினாள். முழு வரியையும் ஒருமுறை படித்துப் பார்த்தாள். பிறகு அழுத்தினாள்.

அடுத்த கருத்தில் சொற்களே இல்லை. மாவுக்கட்டுப் போட்ட காலை உயரத் தூக்கிக்கொண்டு, காது முதல் காது வரை சிரிக்கும் ஒரு நெட்டைப் பையனை வரைந்த படம் மட்டும் இருந்தது.