காவலாளியின் மாத்திரை அட்டை

1991. ஞாயிற்றுக்கிழமை, மாலை மணி நான்கு.

பிள்ளைப்பாக்கம் சாலையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றும் கம்பெனி. கேட்டை ஒட்டிய அறையில் காவலாளி பலராமன் நாற்காலியோடு சாய்ந்து கிடந்தான். உலுக்கினாலும் எழவில்லை. மூச்சு மட்டும் இருந்தது. ஸ்டோர் திறந்து கிடந்தது. செம்புக் கம்பி மொத்தமும் போயிருந்தது.

முதலில் பார்த்தவன் ஸ்டோர் கீப்பர் ரகுபதி. அவனே பலராமனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினான். அவனே ஸ்டேஷனுக்கும் போன் போட்டான். இவ்வளவு சுறுசுறுப்பான நல்லவர்களை ஏட்டு எபினேசருக்குப் பிடிக்காது.

பலராமன் பட்டாளத்தில் இருந்தவன். யாழ்ப்பாணத்தில் கண்ணிவெடியில் இடது கை போய்விட்டது. போன கைதான் வலிக்கும். நம்பாதவன் அவன் துடிப்பதை ஒரு தரம் பார்த்தால் போதும். மிலிட்டரி டாக்டர் வலிக்கு ஒரு மாத்திரை, தூக்கத்துக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்.

"இன்னாய்யா நடந்துச்சு?" என்றார் எபினேசர்.

"நான் நாலு மணிக்குத்தான் வந்தேன் ஏட்டையா. தூக்க மாத்திரைய முழுங்கிட்டு மட்டையாயிட்டான். எவனோ பூந்து அள்ளிகினு போய்ட்டான். இந்தா அட்டை, காலடியில கெடந்துச்சு."

எபினேசர் அட்டையை வாங்கிப் பார்த்தார். காலி. இருபுறமும் தகடு ஒட்டிய அட்டை; அழுத்தினால் மாத்திரை வராது, கிழிக்கத்தான் வேண்டும். ஒவ்வொரு மாத்திரையும் இருந்த இடம் ஓரத்திலிருந்து நேராக, கத்தரித்தது போலப் பிரிந்திருந்தது.

"டூட்டியில மாத்திரை போடுவானா?"

"எத்தினி வாட்டி கண்ணால பாத்துக்கீறேன்!"

"ஒத்தக் கையில எப்டி பிரிப்பான்?"

ரகுபதி ஒரு நொடி யோசித்தான். "பல்லால கடிச்சுத்தான்."

பக்கத்தில் நின்ற முதலாளி பொரிந்தார். "கை போனவனாச்சேன்னு வேலை குடுத்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும். இவனும் கூட்டா இருப்பான். கேஸ் எழுதுங்க."

ஆஸ்பத்திரி வராந்தாவில் பலராமன் மனைவி காந்திமதி எழுந்து நின்றாள்.

"வேலை போனா போவட்டும் ஏட்டையா. திருடன்னு மட்டும் எழுதிடாதீங்க. அந்த மனுசன் உசுரோட இருக்க மாட்டாரு."

"மாத்திரை யாரு வாங்கியாறது?"

"ரகுபதி சாருதான். ஸ்கூட்டர்ல டவுனுக்குப் போவாரு, டாக்டர் சீட்டு அவராண்டதான் கீது."

"அட்டைய உன் வூட்டுக்காரு பல்லால கடிச்சுப் பிரிப்பாராமே?"

காந்திமதிக்குக் கோபம் வந்துவிட்டது. "எவன் சொன்னான்? அப்டித் திங்க நான் நாயான்னு கேக்கற ஆளு அவரு! நாந்தான் வூட்லயே பிரிச்சு நெருப்புப்பெட்டியில போட்டுக் குடுப்பேன். வலி மாத்திரை மட்டும்தான். தூக்க மாத்திரை வூட்டு வாசலத் தாண்டாது."

பலராமனின் சட்டைப் பையில் நெருப்புப்பெட்டி இருந்தது. எபினேசர் திறந்தார். வலி மாத்திரை அப்படியே இருந்தது, தொடவே இல்லை.

அவர் கம்பெனிக்குத் திரும்பினார். வழியில் எதிர்ச்சாரி டீக்கடைப் பாஞ்சாலியிடம் இரண்டு வார்த்தை பேசினார். பிறகு ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கியிருந்த அதே மாத்திரையின் முழு அட்டையை ரகுபதியிடம் நீட்டினார்.

"இடது கைய முதுகுக்குப் பின்னால வை. இப்ப பிரி."

ரகுபதி ஒரு கையால் முயன்றான். முடியவில்லை. கடைசியில் வாயில் வைத்துக் கடித்து இழுத்தான். ஓரம் கோணல்மாணலாகக் கிழிந்து, பல் பதிந்து, எச்சிலோடு தொங்கியது.

"காலடியில கெடந்த அட்டையப் பாரு. பல்லு பட்டிருக்கா? ரெண்டு கையும் இருக்கறவன் நிதானமா பிரிச்சது. பலராமன் தன் வலி மாத்திரையே போடல, அதுக்குள்ள சாஞ்சுட்டான். கடிச்சதக் கண்ணால பாத்தேன்னு நீ ஏன் சொன்ன? சீட்டு உன்கிட்ட. இன்னொரு அட்டை வாங்கினா எவன்யா கேள்வி கேப்பான்?"

"ஏட்டையா, நான் வந்ததே நாலு மணிக்கு..."

"மத்தியானமே டீ வாங்கினியாம். சக்கரைய அள்ளிப் போடுன்னியாம். பாஞ்சாலி சொல்றா. மாத்திரைக் கசப்பு தெரியக் கூடாது இல்ல?"

மாத்திரை தின்கிறவன் என்று சொன்னால் ஊரே நம்பிவிடும் என்று ரகுபதி நம்பியிருந்தான். முதலாளியும் நம்பினாரே. செம்புக் கம்பி அவன் வீட்டு மாட்டுக்கொட்டகையில், வைக்கோலுக்கு அடியில் கிடைத்தது.

மறுநாள் பலராமன் கண் விழித்தபோது எபினேசர் கட்டிலருகே இருந்தார். முதலாளி ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, வேலை அவனுக்குத்தான் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். பலராமன் அவரைப் பார்க்கவில்லை. காந்திமதி நீட்டிய நெருப்புப்பெட்டியைக் கட்டை விரலால் தள்ளித் திறந்தான்.

"அப்பவே நெனச்சேன் ஏட்டையா," என்றான். "நான் வேலைக்குச் சேந்ததுலேருந்து ஒருநாளும் இல்லாம ரகுபதி எனக்கு ஓசியில டீ குடுக்கறானேன்னு."