ஐந்து நிமிடம் யாரும் தொடாவிட்டால்

தட்டிக்கொண்டிருக்கும்போதே திரை இருண்டது.

தவமணி விரல்களை எடுக்கவில்லை. கடிதத்தின் மூன்றாவது வரியில் இருந்தாள். எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த இடத்தில் சட்டென்று கறுப்பு பரவி, அதன் நடுவிலிருந்து வெள்ளைப் புள்ளிகள் கிளம்பி, பெருத்து, அவள் முகத்தின் இரண்டு பக்கமும் ஓடி மறைந்தன. நட்சத்திரங்கள். ஐந்து நிமிடம் யாரும் கீபோர்டைத் தொடாமல் இருந்தால்தான் அவை வரவேண்டும். அவளேதான் ஐந்து என்று குறித்திருந்தாள்.

ஒரு விசையை அழுத்தினாள். பாஸ்வேர்ட் கேட்கும் சின்னப் பெட்டி வந்தது. செத்துப்போன அப்பாவின் பெயரை, விநாசித்தம்பி என்று ஆங்கிலத்தில் பன்னிரண்டு எழுத்தாக, அடித்தாள். கடிதம் திரும்பி வந்தது. மூன்றாவது வரியில் பாதி. அதற்குப் பிறகு அவள் அடித்த எதுவும் அதில் இல்லை.

வெளியே துறைமுகத்தை ஒட்டிய வெல்ட் கீ சாலையில் மழை பிடித்திருந்தது. கடல் வற்றிய நேரத்துச் சேற்று வாடையும் லாரிகளின் டீசல் வாடையும் சன்னல் இடுக்கு வழியாக மாடிக்கு ஏறி வந்தன. மழையென்றால் கரண்ட் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

கடைநிலை வேலைகளையும் கடிதப் பட்டுவாடாவையும் பார்க்கும் அப்துல் ரஹீம் கோப்பையைக் கொண்டுவந்து வைத்தார். இஞ்சி மணம் குப்பென்று எழுந்தது.

"ரஹீம் அண்ணே, நான் கோப்பி ஓ குடிக்கிறவ."

அவர் கோப்பையைப் பார்த்தார். "அல்லா... கை பழக்கம் தங்கச்சி. இஞ்சி டீ அந்தப் புள்ளைக்குப் போடறது. மன்னிச்சுக்க லா."

அந்தப் புள்ளை போய் ஏழு மாசம். செத்து இரண்டு மாசம். இன்னும் அதற்குத்தான் டீ. இருபது வருஷமாகப் பால் விடாத கோப்பி குடிக்கிறவளை இவர் கை ஒரு தடவையாவது இப்படி நினைத்ததுண்டா?

அது 1995 ஆகஸ்டு நாலாம் தேதி, வெள்ளிக்கிழமை.

*

ரொஸ்னா அந்தக் கப்பல் ஏஜெண்டு அலுவலகத்துக்கு வந்தது போன வருஷம் மார்ச்சில். கெலுகோரிலிருந்து வந்தவள், இருபத்து மூன்று வயது. விரல் நுனிகளில் எப்போதும் மருதாணி. அவளோடு கம்ப்யூட்டரும் வந்தது. தவமணியின் டைப்ரைட்டர் உறை போட்டபடி ஸ்டோர் அறைக்குப் போனது. கம்பெனிக்கு வரும், கம்பெனியிலிருந்து போகும் ஒவ்வொரு கடிதமும் அதுவரை தவமணியின் கையைக் கடந்துதான் போனது. தேதி, குறிப்பு எண், பொருள், மூன்று பத்தி, கீழே முதலாளி கையெழுத்து. ஒரு நாள் முதலாளி ஷேக் அலாவுதீன் ரொஸ்னாவின் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "அழிச்ச தடமே இல்ல பாரு. இனிமே வெளிநாட்டுக் கடிதமெல்லாம் இந்தப் புள்ள பாக்கட்டும்" என்றார். தவமணிக்கு வயிற்றில் சுடுநீர் ஊற்றியதுபோல் இருந்தது. அந்தச் சூடு அதற்குப் பிறகு ஆறவே இல்லை.

மேசையைவிட்டு எழுந்தால் ரொஸ்னா திரையைப் பூட்டிவிடுவாள். நட்சத்திரங்கள் ஓடும். "உள்ள என்ன தங்கமா வச்சிருக்கே?" என்று தவமணி கேட்டால், "உங்களுக்குத் தெரியாத ரகசியமா அக்கா" என்று சிரிப்பாள்.

தெரியாதுதான். ஆனால் காது இருந்தது. தவமணி தைப்பிங் ஊரில் டைப்பிங் படித்தவள். கைமேல் துணி போர்த்தி, கண்ணைச் சுவரில் வைத்து அடிக்கப் பழகிய வகுப்பு அது. சுண்டுவிரல் அடிக்கும் விசைக்கு ஒரு சத்தம், ஆள்காட்டி விரலுக்கு ஒரு சத்தம், மேல்வரிசைக்குத் தாவும் விரலுக்கு நடுவே ஒரு மூச்சு இடைவெளி. பத்துப் பேர் சேர்ந்து அடித்தாலும் யார் எங்கே பிழைவிட்டார்கள் என்று சொல்லுவாள். ஒரு வாரம் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். ஆசியா பீவி. பெண் தன் தாயின் பெயரைத்தான் பூட்டாகப் போட்டிருந்தது.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்மாவுக்காகப் பன்னிரண்டரையிலிருந்து இரண்டே முக்கால்வரை அலுவலகம் ஓய்ந்துவிடும். ஆண்கள் கப்பித்தான் பள்ளிவாசலுக்குப் போவார்கள். ரொஸ்னா சூலியா தெருவில் சின்னம்மா வீட்டுக்குச் சாப்பிடப் போவாள். தவமணி மட்டும் டிபன் கேரியரோடு இருப்பாள். ஜனவரி பதின்மூன்றாம் தேதி அவள் சாப்பிடவில்லை. பூட்டைத் திறந்து, இன்னும் அச்செடுக்காத ஒரு கடிதத்தில் சரக்குச் சேர்க்கக் கடைசி நாள் 16 என்று இருந்ததை 19 ஆக்கி, மறுபடி பூட்டினாள். ஒரே ஓர் எண். சரக்கு கப்பலைத் தவறவிட்டது. ரொஸ்னா, "நான் பதினாறுன்னுதான் அடிச்சேன்" என்று அழுதுகொண்டே நின்றாள். அப்போது அவள் தவமணியை ஒரு தடவை பார்த்தாள். குற்றம் சொல்லுகிற பார்வை இல்லை. எதையோ காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிற பார்வை.

வேலை போனது. சிம்பாங் அம்பாட்டில் ஒரு தொழிற்சாலைக்குப் போனாள். ஜூனில் தொழிற்சாலை பஸ் கவிழ்ந்தது.

துக்கம் கேட்கப் போன இடத்திலும் தவமணி ஆட்களை எண்ணினாள். கம்பெனியிலிருந்து எல்லாரும் வந்திருந்தார்கள். முதலாளி கண்ணைத் துடைத்தார். தன் அப்பாவின் சாவுக்கு ரஹீம் அண்ணன் மட்டும்தான் வந்தார் என்பது ஞாபகத்துக்கு வந்தது. ஆசியா பீவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதானா அந்தத் தவமணி அக்கா? எப்பப் பாத்தாலும் ஒங்க பேச்சுதான்மா. சோத்து மேசையில வெரல வச்சுத் தட்டிக்கிட்டே இருக்கும். அக்கா அடிக்கிற சத்தத்த வச்சே எந்த எழுத்துன்னு எனக்கும் இப்ப வெளங்குது உம்மா, அப்படிங்கும். ஒங்கள மாதிரி வரணும்னு அதுக்கு அவ்வளவு ஆசை."

தவமணி கையை மெதுவாக உருவிக்கொண்டாள்.

கம்ப்யூட்டர் இப்போது அவளுடையது. பாஸ்வேர்டும் அவளுடையது. அந்தக் கடிதம் மட்டும் உள்ளேயே இருந்தது. பட்டியலில் அதன் பெயருக்கு நேரே, கடைசியாகக் கைவைத்த நாளும் நேரமும் இருந்தன: ஜனவரி 13, மதியம் 1.07. அந்த நேரத்தில் ரொஸ்னா சூலியா தெருவில் இருந்தாள் என்று எல்லாருக்கும் தெரியும். அழிக்கலாம். ஆனால் சரக்குக்காரர்களோடு வழக்கு முடியும்வரை எந்தக் கடிதமும் காணாமல் போகக்கூடாது என்று முதலாளி சொல்லியிருந்தார். யாரும் திறக்காதவரை பயமில்லை. அதனால்தான் தண்ணீர் குடிக்க எழுந்தாலும் பூட்டினாள்.

*

பதினொன்றாம் தேதி. வெள்ளி. பாங்கு ஓசை அடங்கிச் சிறிது நேரம் ஆகியிருக்கும். பின்பக்கக் குழாயடியில் டிபன் கேரியரைக் கழுவிக்கொண்டிருந்தவள் தண்ணீரை நிறுத்தினாள்.

முன்னறையில் யாரோ தட்டினார்கள்.

இடக்கை ஆள்காட்டி. வலக்கை நடுவிரல். வலக்கை ஆள்காட்டி. இடக்கை சுண்டுவிரல். அங்கே நின்றது. யோசிக்கிறதுபோல். அழிக்கும் விசை நான்கு தடவை. மறுபடி அதே நான்கு.

விநா என்பதற்கான நான்கு எழுத்து.

ஈரக் கையோடு ஓடினாள். மாடிக் கதவு உள்ளே தாழிட்டபடி இருந்தது. நாற்காலி அவள் விட்ட இடத்தில். மின்விசிறியின் காற்றில் ஒரு தாள் முனை மட்டும் எழுந்து படிந்துகொண்டிருந்தது. திரையில் பாஸ்வேர்ட் பெட்டி திறந்திருந்தது. அதற்குள் நான்கு நட்சத்திரக் குறிகள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெட்டி மறைந்து, கறுப்பில் நட்சத்திரங்கள் ஓடத் தொடங்கின.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாகப் பாஸ்வேர்டை மாற்றினாள். அம்மாவின் பெயர், வள்ளிநாயகி. மெத்தென்று, விசை அடியைத் தொடாத அளவுக்கு மெதுவாக அடித்தாள். உறுதிசெய்ய இன்னொரு தடவை அடிக்கச் சொன்னது. அடித்தாள். அப்புறம்தான் உறைத்தது. அந்தக் காதுக்கு இரண்டு தடவை கேட்டிருக்கும்.

அந்த வாரம் திரை அடிக்கடி இருண்டது. அவள் தட்டத் தட்ட. அரை மணிக்கு ஒரு தடவை, பிறகு கால் மணிக்கு. புதன்கிழமை முதலாளி அவள் மேசைக்கு நேரே நின்று, "தவமணி வரலையா இன்னிக்கி?" என்று அறையைப் பார்த்துக் கேட்டார்.

"இங்கதான் இருக்கேன் முதலாளி."

அவர் திடுக்கிட்டார். "அட, இருக்கியா. சத்தமே இல்லையே. கண்ணாடி மாத்தணும் போல எனக்கு."

இத்தனைக்கும் அவள் காலையிலிருந்து விடாமல் தட்டிக்கொண்டிருந்தாள்.

ரொஸ்னா இருந்தபோது முதலாளி மாடிப்படி ஏறும்போதே அவள் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவார். பயத்துக்கு நடுவிலும் அந்தச் சுடுநீர் வயிற்றில் ஊறியது. செத்த பிறகும் எழுந்து போக மாட்டாளா? இந்த நாற்காலி என்னுடையது.

பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை அவள் குழாயடிக்குப் போகவில்லை. முன்னறையிலேயே, சுவரோரத்தில் நின்றாள். ஒன்றரை மணிக்கு வள்ளிநாயகியின் பாதிவரை கேட்டது. விசைகள் அமுங்குவதையும் பார்த்தாள். ஒவ்வொன்றாக. பிழையில்லாமல். தன்னுடைய அதே வேகம். மேல்வரிசைக்குத் தாவும் இடத்தில் தன்னுடைய அதே மூச்சு இடைவெளி.

*

பாஸ்வேர்டை இன்னொரு தடவை மாற்றினாலும் அதையும் கேட்டுவிடும். இருபத்தைந்தாம் தேதி லீவு கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவள் இல்லாத வெள்ளிக்கிழமையில் பூட்டு திறந்தால்?

எல்லாரும் போனதும் கதவைத் தாழிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தாள். பத்து விரலையும் கீபோர்டின்மேல் வைத்தாள். எடுக்கவே கூடாது. என்னவாவது தட்டிக்கொண்டே இருக்கவேண்டும். யாரும் அடிக்க இடம் இருக்கக்கூடாது. தன் பெயரை அடித்தாள். தன் முகவரியை அடித்தாள். பழைய கடிதங்களின் தொடக்கங்களை மனப்பாடமாக அடித்தாள். படகுத்துறையில் ஃபெரியின் ஊதல் நீளமாகக் கேட்டு ஓய்ந்தது. சேற்று வாடை. விசிறியின் கிறீச். அவள் விரல்களின் சத்தம்.

ஐந்து நிமிடம் ஆனது.

திரை இருண்டது.

அவள் நிறுத்தவில்லை. தட்டினாள். நட்சத்திரங்கள் ஓடின. விசையை அமுக்கிப் பிடித்தாள். பெட்டி வரவில்லை. உள்ளங்கையால் மொத்தமாக அடித்தாள். சத்தம் கேட்டது. அவளுக்குக் கேட்டது. நட்சத்திரங்கள் ஓடிக்கொண்டே இருந்தன. யாரும் தொடவில்லை என்று அவை ஓடின.

படியில் காலடி. யாரோ கதவைத் தள்ளினார்கள். திறந்தது. அவள் தாழ் போட்ட கதவு.

முதலாளி தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தார். பின்னாலேயே ரஹீம். மணி இரண்டே முக்கால் ஆகியிருந்தது.

"எங்க போச்சு இந்தத் தவமணி? கதவச் சும்மா சாத்திட்டு, விசிறிய ஓட விட்டுட்டு."

"சாப்பிடப் போயிருக்கும் முதலாளி."

"இங்கதான் இருக்கேன்" என்றாள்.

முதலாளி அவள் தலைக்கு மேலே கையை நீட்டிச் சுவிட்சை அணைத்தார். விசிறி சுற்றிச் சுற்றி நின்றது. ரஹீம் பின்கட்டுக்குப் போனார்.

"முதலாளி."

கத்தினாள். மேசைமேல் குத்தினாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது அவள் விரல்களுக்கு அடியில் ஒரு விசை தானாக அமுங்கியது.

அவள் கை அதன்மேல்தான் இருந்தது. கைக்குக் கீழே அமுங்கியது. அடுத்தது. அடுத்தது. பெட்டி வந்தது. வள்ளிநாயகி. கடைசி எழுத்துவரை. நட்சத்திரங்கள் அணைந்தன. பட்டியல் எழுந்தது. வெளிச்சக் கோடு ஒவ்வொரு பெயராக இறங்கி, இறங்கி, ஜனவரி 13, 1.07 என்ற இடத்தில் நின்றது.

தட்டும் சத்தம் கேட்டு முதலாளி திரும்பினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையை நோக்கிக் குனிந்தார். அவர் மூச்சு தவமணியின் கன்னத்தில் படவேண்டிய தூரம். படவில்லை. உதடு அசைய அந்த நேரத்தை ஒரு தடவை வாசித்தார். மறுபடி வாசித்தார்.

ரஹீம் கோப்பையோடு வந்தார். வழக்கம்போல், கவனிக்காமல், கீபோர்டின் ஓரமாக வைத்தார். இஞ்சி மணம் எழுந்தது.

"குடி புள்ள, ஆறிடும்."

சொல்லிவிட்டுப் போனார். தவமணி எழப் பார்த்தாள். மடியில் ஏதோ கனத்தது. ஆளின் கனம். குனிந்து தன் கைகளைப் பார்த்தாள். கீபோர்டின்மேல் பத்து விரல்கள் இருந்தன. நுனிகள் எல்லாம் சிவந்திருந்தன, நேற்று வைத்த மருதாணிபோல். அவள் அசைக்காமலே ஒரு கை மெல்ல விலகிக் கோப்பையைத் தூக்கியது.