பார்லி வயலின் மேடு

டிராக்டர் சத்தம் நகரவில்லை. அதைத்தான் ஹெட்டி முதலில் கவனித்தாள். உழுகிற வண்டியின் சத்தம் வேலியோரம் வரை போய்த் தேயும், திரும்பி வந்து சமையலறைக் கண்ணாடியை அதிரவைக்கும், மறுபடி தேயும். இங்கிலாந்தின் டோர்செட்டில் இருந்த அந்தக் குன்றடிப் பண்ணைக்கு வாழ வந்த நாளிலிருந்து அவள் கேட்டுப் பழகியது அது. இன்று ஒரே இடத்தில் நின்று உறுமிக்கொண்டிருந்தது.

எந்த இடம் என்று அவளுக்குத் தெரியும். மேட்டுப் பக்கம்.

பார்லி வயலின் நடுவே கிடந்த அந்தப் புல்மேட்டுக்குள் யாரைப் புதைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. நாலாயிரம் வருடம் இருக்கும் என்றார்கள். சட்டப்படி அதில் மண்வெட்டிகூடப் படக்கூடாது. அவள் கணவன் கிளெம் மட்டும் ஒவ்வொரு உழவுக்கும் அதன் ஓரத்தை ஒரு சால் தின்றுகொண்டே வந்தான். தொல்லியல் துறைப் பெண் ஒருத்தி வந்து பார்த்து, வழக்கு வரும் என்று எச்சரித்துப் போனாள். அவளுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டுச் சிரித்தான். இன்று கலப்பையை மாட்டும்போது ஹெட்டியும் வேண்டாமென்று சொல்லிப் பார்த்தாள்.

“செத்தவனுக்கு எதுக்குடி இவ்வளவு இடம்?”

“உனக்கு மட்டும் எதுக்காம்? அந்தத் துண்டுல பார்லி விதைச்சு கோட்டையா கட்டப்போறே?”

ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்கினாள். நவம்பர் மாலை, மூடுபனி வேலியை விழுங்கியிருந்தது. டீசல் வாடை வந்தது. அதற்கும் அடியில், வெகுகாலம் பூட்டிக்கிடந்த நிலவறையைத் திறந்தாற்போல ஒரு குளிர்ந்த மண்வாடை.

டிராக்டரின் கதவு திறந்திருந்தது. இருக்கையில் ஆள் இல்லை. பின்னால் புதுச்சால் ஈரமாக மின்னியது.

முன்னால், மேடு முழுசாக இருந்தது.

கிளெம் வருடக்கணக்கில் தின்ற ஓரம் முழுவதும் திரும்ப வந்திருந்தது. வட்டமாக. கலப்பை பட்ட சுவடே இல்லாமல். வேரில் பாசி படர்ந்த பழம்புல்.

வண்டியிலிருந்து அவன் பூட்ஸ் தடங்கள் மேட்டை நோக்கிப் போயின. திரும்பிவரவில்லை. கடைசித் தடத்தில் குதிகால் மட்டும்தான் வெளியே தெரிந்தது. மீதி, புல்லுக்கு அடியில்.

ஹெட்டி இன்ஜினை அணைத்தாள்.

நிசப்தம். பிறகு, மேட்டுக்குள்ளிருந்து மூச்சு விடுவதுபோல ஏதோ ஒன்று.

மண்டியிட்டு உள்ளங்கையைப் புல்லில் வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. மெல்ல உயர்ந்தது. மெல்லத் தாழ்ந்தது. தூங்குகிறவனின் மார்பு போல.

“கிளெம்...”

“கத்தாதே, ஹெட்டி.” அவன் குரல்தான். கைக்கு நேர் கீழே. தொட்டிலுக்குப் பக்கத்தில் பேசுவதுபோல் அடக்கமாக. “இவங்க முழிச்சிடுவாங்க.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் கூப்பிட்டது கூப்பிட்டதுதான்.

உயர்ந்த புல் தாழவில்லை. மேடு முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

அவள் முழங்காலுக்கு அடியில், யாரோ நிதானமாகப் புரண்டு படுத்தார்கள்.