விஜயதசமியன்று புகுந்த கள்ளன்

வெள்ளிக்கிழமை, காலை 8.40.

லுணுகலை ஆவண உதவி நிலையத்தின் கதவைத் திறந்து உள்ளே வந்த லக்ஷிகா, கணினித் திரையைப் பார்த்ததும் அதன் முன்னால் போய் நின்றாள். கறுப்புத் திரை, சிவப்பு எழுத்து. உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டோம், சாவி வேண்டுமானால் டொலரில் பணம் அனுப்புங்கள் என்று எவனோ எழுதியிருந்தான். ஸ்கேன் எடுக்கும் கணினியிலும் அதே எழுத்து, அவளுடைய கணினியிலும் அதே எழுத்து. பிரதி வைத்திருந்த டிஸ்க்கைத் திறந்து பார்த்தாள். அதிலும் ஒரு கோப்பு திறக்கவில்லை.

போனது சாதாரணச் சாமான் அல்ல. போன மழையில் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான மேற்பிரிவு லயம் மண்ணுக்குள் போனதே, அந்தக் குடும்பங்களின் பத்திரங்கள். மண் சரிவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் லக்ஷிகா வாசல் வாசலாக ஏறி இறங்கி எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்திருந்தாள். லயத்து அறைகளில் யார் எந்தக் காம்பராவில் இருந்தார்கள் என்று தோட்டம் அந்தக் காலத்தில் கொடுத்த துண்டுச் சீட்டுக்கு வேறெங்கும் மறுபிரதி கிடையாது. அசலை மண் விழுங்கிவிட்டது. திங்கட்கிழமை பதுளையில் புது வீட்டுக்கான விசாரணை. காட்ட ஒன்றும் இல்லாதவர்களுக்கு வீடும் இல்லை.

செவ்வாய்க்கிழமை தான் திறந்த மின்னஞ்சல் லக்ஷிகாவின் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. கூரியரில் பொதி வந்திருக்கிறது என்று சொன்ன மின்னஞ்சல். பொதி அனுப்ப அவளுக்கு யார் இருக்கிறார்கள்? இருந்தும் திறந்தாள். கேடுகெட்ட ஆசை! அதை அவள் எவரிடமும் சொல்லவில்லை.

நிலையப் பொறுப்பாளர் குமாரசிங்கம் வந்தார். யாழ்ப்பாணத்து மனிதர், நிர்வாகத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். திரையைப் பார்த்தார், பிறகு லக்ஷிகாவைப் பார்த்தார்.

"வெளிப் பென்ட்ரைவ் ஒண்டும் செருகக் கூடாதெண்டு சுவரில ஒட்டினனான் எல்லே? பிரதி டிஸ்க் அலுமாரிக்கை இருக்கோணும் எண்டும் சொன்னனான். ஆர் செய்த வேலை இது?"

அவள் டிஸ்க்கைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தாள்.

காலை 11.15. பதுளைக் கடைவீதியில் கணினி திருத்தும் ஷிப்னா, குமாரசிங்கம் கூப்பிட்டதால் பையோடு படியேறி வந்தாள். வணக்கம் சொல்லும் முன்பே சுவரோரம் போய்க் கணினிகளை இணைத்த வயரைப் பிடுங்கினாள்.

"ஒரு கணினியிலருந்து மத்ததுக்குப் பாயுறது இந்த வழியாத்தான். முதல்ல வழியை அடைக்கணும்."

கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கோப்புகள் எந்த நேரம் பூட்டுப்பட்டன என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் தலையைத் தூக்கினாள்.

"நேத்து யாரு வேலை செஞ்சது?"

"நேற்று விஜயதசமி பிள்ளை. வேலையில்லை" என்றார் குமாரசிங்கம்.

"முதல் கோப்பு நேத்துக் காலையில ஒன்பது இருபதுக்குப் பூட்டுப்பட்டிருக்கு. ஸ்கேன் கணினியில."

இதற்கு மேல் லக்ஷிகாவால் தாங்க முடியவில்லை.

"நான்தாங்க செஞ்சேன். செவ்வாக்கெழம ஒரு மெயிலைத் தொறந்துட்டேன். பொதி வந்திருக்குன்னு இருந்துச்சு."

"பாஸ்வேர்ட் கேட்டுச்சா?"

"ஆமாங்க. பயந்து மூடிட்டேன்."

"குடுக்கல்லையே?"

"இல்லைங்க."

"அப்ப அவன் வேற கள்ளன். பாஸ்வேர்ட் திருட வந்தவன், கதவுலயே நின்னு திரும்பிப் போயிட்டான். உங்க கணினியில முதல் கோப்பு பூட்டுப்பட்டது நேத்து மத்தியானம். ஸ்கேன் கணினியிலருந்து வயர் வழியா வந்திருக்கு."

லக்ஷிகா மூச்சு விட்டாள். ஆனால் நெஞ்சுக்குள் இருந்த பாரம் என்னவோ இறங்கவில்லை.

"நேத்து இங்க என்ன நடந்துச்சு? ஒன்னும் விடாம சொல்லுங்க."

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த கந்தப்பன் பதில் சொன்னார். நிலையத்தில் எடுபிடி வேலையும் பூஜையும் அவர் பொறுப்பு. "புதன்கெழம ஆயுத பூஜைங்க. எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வச்சு, சின்னச் சாமானைத் தட்டுல அடுக்கிச் சாமி முன்னால வச்சோம். நேத்துக் காலையில நல்ல நேரத்துல எடுத்தோம். பூஜையில வச்சதை ஒரு தடவையாச்சும் தொட்டு வேலை தொடங்கணுமில்லைங்களா?"

"அந்தப் பிரதி டிஸ்க்கும் தட்டுல இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க. தங்கச்சிதான் எடுத்துச் செருகுச்சு."

லக்ஷிகா தலையைக் குனிந்துகொண்டாள். செருகியது அவள்தான். தொடங்கிய அன்றைக்கே நிறுத்தினால் நல்லதில்லை என்று கணினிகளை அணைக்காமல், டிஸ்க்கையும் கழற்றாமல் அப்படியே விட்டுவிட்டுப் போனதும் அவள்தான்.

"செருகிட்டு என்ன செஞ்சீங்க?"

"சார் விசாரணைக்கு எழுதுன மனுவை ஸ்கேன் கணினியில தொறந்தோம். மேல பிள்ளையார் சுழி அடிச்சோம். கந்தப்பண்ணே சூடம் காட்டுனாரு." அந்தக் காட்சி அவள் கண்முன் வந்தது. சூடம் எரிகிறது, திரையில் மஞ்சள் பெட்டியொன்று எழும்பி ஏதோ கேட்கிறது, சார் கெதியெண்டு கெதியெண்டு என்று அவசரப்படுத்துகிறார், அவள் சரி என்பதை அழுத்துகிறாள். பிறகு எல்லோரும் சுண்டல் சாப்பிட்டார்கள்.

ஷிப்னா டோர்ச் அடித்து ஸ்கேன் கணினியின் முன்பக்கத்தைப் பார்த்தாள். அங்கே டிஸ்க் செருகும் இரண்டு துளைகள். இரண்டின் விளிம்பிலும் காய்ந்த சந்தனம்.

"ஒரு துளையில டிஸ்க் இருந்துச்சு. மத்ததுல?"

ஷிப்னா கணினியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள்.

"மவுஸும் கீபோர்டும் பின்பக்கம் இருக்கு. அதுகளை யாரும் கழட்டல்ல, தூசி அப்படியே கிடக்கு. சேர், அந்த மனுவை எங்க அடிச்சீங்க?"

"வீட்டில."

"வீட்டுல இன்டர்நெட் இருக்கா?"

"இல்லை."

"அச்சு எடுத்துப் பார்த்தீங்களா?"

"பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில ஒரு கொமியூனிகேஷன் கடையில எடுத்தனான். அதுக்கென்ன?"

"வீட்டுல அடிச்ச மனு, இன்டர்நெட்டும் இல்லாம இந்தக் கணினிக்கு எப்படி வந்துச்சு சேர்?"

குமாரசிங்கத்தின் முகம் பேயறைந்தது மாதிரி ஆனது. சட்டைப் பையை அவர் தொட்ட விதத்திலேயே லக்ஷிகாவுக்கு விளங்கிவிட்டது. வெளியே எடுத்தார். சின்னக் கறுப்புப் பென்ட்ரைவ், வாயோரம் மஞ்சள் சந்தனம்.

"நான்தான் செருகினனான். அம்பாளின்ரை காலடியில வைச்சு எடுத்தால் அந்தச் சனத்துக்கு வீடு கிடைக்குமெண்டு நினைச்சனான்" என்றார்.

ஷிப்னா அதை வாங்கிச் சோதித்தாள். வேறு எதனோடும் இணைக்காத தன் மடிக்கணினியில். சிறிது நேரத்தில் தலையாட்டினாள்.

"இதுலதான் வந்திருக்கு சேர். அந்தக் கடைக் கணினியில எத்தனை பேரோட பென்ட்ரைவ் ஏறி இறங்கும்? உங்க சட்டம் நல்ல சட்டம்தான். வெளியாளுங்களுக்கு மட்டும்னு நீங்க நினைச்சிட்டீங்க. பிரதி டிஸ்க் வெளிய இருந்திருந்தா இன்னைக்கே எல்லாத்தையும் திருப்பி எடுத்திருப்பேன். பணம் மட்டும் அனுப்பாதீங்க, சாவி தருவானுங்கன்னு நிச்சயம் இல்ல." பென்ட்ரைவைக் கழற்றினாள். "ஒன்னுதான் விளங்கல்ல. வைரஸ் காவல் இருந்திருக்கு. அது கட்டாயம் கேட்டிருக்கும், இதை உள்ள விடவான்னு. யாரோ விடச் சொல்லியிருக்காங்க. யாருன்னு இனிக் கண்டுபிடிக்க ஏலாது, அந்தக் குறிப்பும் பூட்டுப்பட்டுப் போச்சு."

சூடம் காட்டிய நேரம் திரையில் எழும்பிய மஞ்சள் பெட்டி லக்ஷிகாவுக்கு நினைவு வந்தது. குமாரசிங்கம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மஞ்சள் பெட்டியை அவர் பார்க்கவேயில்லை, மனுவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறக்காவிட்டால் எவருக்கும் தெரியப்போவதில்லை.

அந்த நேரம் பார்த்துக் கருப்பம்மா படியேறி வந்தாள். மேற்பிரிவு லயத்து மண்ணுக்குள் புருஷனைப் பறிகொடுத்தவள். அரைநாள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"திங்கக்கெழமைக்கு எங்க துண்டு ரெடிங்களா சார்?"

குமாரசிங்கம் எழுந்து நின்றார். கருப்பம்மாவுக்கு முன்னால் அவர் எழுந்து நின்றதை லக்ஷிகா ஒருநாளும் கண்டதில்லை.

"எல்லாம் அழிஞ்சு போச்சுது கருப்பம்மா. பிழை என்ரை."

"சார் மட்டும் இல்லைங்க" என்றாள் லக்ஷிகா. கருப்பம்மாவின் பக்கம் திரும்பினாள். "விடவா வேணாமான்னு கணினி கேட்டுச்சு. என்னான்னு வாசிச்சுக்கூடப் பாக்காம நான்தான் விடச் சொன்னேன். திங்கக்கெழம நானும் வர்றேன். உங்க துண்டை இந்தக் கையாலதான் ஸ்கேன் எடுத்தேன்னு விசாரணையில சொல்றேன். எங்களாலதான் போச்சுன்னும் சொல்றேன்."

கருப்பம்மா அவளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். திட்டுவாள் என்று லக்ஷிகா காத்திருந்தாள். திட்டினால் தேவலை போல இருந்தது.

"வாங்கம்மா, வந்து சொல்லுங்க" என்றாள் கருப்பம்மா. "அந்தத் துண்டுல எங்க வீட்டுக்காரரு போட்டோவும் ஒட்டியிருந்துச்சு. வேற போட்டோ எங்ககிட்ட இல்ல. அவரு படம் வேற எங்கயாச்சும் இருக்குமான்னும் அங்க கேக்க முடியுங்களா?"