பூட்டைத் திறந்தவன்

நேற்று அவன் திறந்து வைத்த பூட்டு இன்று மறுபடியும் பூட்டிக் கிடந்தது.

டான்யூப் ஆற்றிலிருந்து கிளம்பிய மூடுபனி நடுப்பகலிலேயே ரூசே நகரத்தை விழுங்கியிருக்க, இணையதளப் பெயர்களைப் பதிவு செய்து தரும் அலுவலகத்தில், சுவரோரத்து வெப்பக்குழாய் முனகிக்கொண்டிருந்த தன் அறையில் தனியாக உட்கார்ந்து, வெசெலின் கணினித் திரையையே வெறித்தான். பூட்டிக் கிடந்தது, தேனீ வளர்த்துத் தேன் விற்ற ஸ்பாஸ் என்பவரின் இணையதளப் பெயர். பூட்டு இருக்கும்வரை அதை யாரும் வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாது. பூட்டைத் திறந்து மாற்றக் கேட்டால், உரிமையாளருக்கு ஒரு மின்னஞ்சல் போகும். அவர் மறுக்காவிட்டால் சம்மதம் என்று கணக்கு, பெயர் கைமாறிவிடும்.

ஸ்பாஸ் எங்கே மறுப்பார்? அவர் படம் போட்ட மரண அறிவிப்பைத் தெருமுனைக் கம்பத்தில் பார்த்த அன்றே, ஈவிரக்கமில்லாத இந்தப் பயல் அந்தப் பெயரை விற்க வேறொரு தேன் வியாபாரியிடம் பேசி முடித்துவிட்டான்.

பூட்டியது யார் என்று பார்த்தான். ‘உரிமையாளர்’ என்றிருந்தது.

தொலைபேசி அடித்தது. ஸ்பாஸின் மனைவி ராத்கா.

“தம்பி, எங்க தளத்துல யாரோ கை வெக்கிறாங்களாமே? அதுல வர்ற ஆர்டர வெச்சுத்தான்பா எனக்கு அடுப்பெரியுது.”

“யாரும்மா சொன்னது?”

“இவருதான். நாப்பது நாள் இன்னும் முடியலையே, அதுக்குள்ள வீட்ட விட்டு எங்க போவாரு? ஜன்னல்ல தண்ணி வெச்சிருக்கேன், தொடக்கூட மாட்டேங்கறாரு. அவ்ளோ கோவம்.”

“பூட்டித்தாம்மா இருக்கு. பயப்படாதீங்க.”

வாய் கூசாமல் சொன்னான். பேச்சை முடித்த கையோடு பூட்டைத் திறந்தான்.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. தேன்மெழுகு உருகும் வாசனை, முதலில் இதமாக, பிறகு மூச்சை அடைக்கும்படி. முதுகுக்குப் பின்னால் ஈர பூட்ஸ்கள் தரையில் மெதுவாக இழுபட்டன. திரும்பிப் பார்க்க அவனுக்குத் தைரியமில்லை.

திரையில் புதிய மின்னஞ்சல்.

‘வெசெலின் என்ற பெயரையும் அதற்குரிய உடம்பையும் மாற்றித் தரக் கோரிக்கை வந்துள்ளது. மறுக்காவிட்டால் சம்மதம்.’

கோரியவர்: ஸ்பாஸ்.

மாட்டேன் என்று தட்டப் போனான். விரல்கள் அசையவில்லை. கத்தப் போனான். நாக்கின் மேல் ஏதோ சூடாகப் பரவியது. பரவி, இறுகியது. மெழுகு.

மூடிய கதவுக்கு வெளியே, பக்கத்து அறையில் வேலை பார்க்கும் யானாவின் குரல்.

“வெசெலின், காப்பி வாங்கப் போறேன். உனக்கு?”

மாட்டேன். மாட்டேன். மாட்டேன்.

“வாயத் தொறந்து சொன்னா முத்து உதிர்ந்துடுமா? சரி, பேசலன்னா வேணும்னுதானே அர்த்தம். வாங்கிட்டு வரேன்.”

அவள் காலடி தேய்ந்தது. பிடரியில் குளிர்ந்த மூச்சு. பிறகு அதுவும் இல்லை. உள்ளே வந்துவிட்டது.

அவன் கை தானாக எழுந்து, பெயரைப் பூட்டியது. பிறகு தொலைபேசியை எடுத்தது. அவன் உதடுகள் கரகரத்த குரலில் பேசின.

“ராத்கா, நான்தான். கதவத் தொற. வந்துட்டேன்.”

ஜன்னல் கண்ணாடியில் அவன் முகம் புன்னகைத்தது. அதன் கண்களுக்குப் பின்னால் வெசெலின் கத்திக்கொண்டே இருந்தான்.