ஒரு தட்டு என்றால் மேலே

நனைந்த கார்ப்பெட்டைத் தொட்ட விரலை அகில் நாக்கில் வைத்துப் பார்த்தான். உப்புக் கரித்தது.

மூன்று நாளாக மழை இல்லை. கார் நின்றதோ வீட்டை ஒட்டித் தகரம் வேய்ந்த ஷெட்டுக்குள். அதியன்னூரிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறிப் போக வேண்டும். ஆனாலும் தினமும் காலையில் பின்சீட்டின் இடப்பக்கக் காலடி மட்டும் ஊறிக் கிடந்தது. அமுக்கினால் விரல்களுக்கிடையில் தண்ணீர் பொங்கியது, அதோடு நைசான மணலும், கரையில் காயாமல் சுருட்டிப் போட்ட வலையின் வாடையும்.

அது அவன் மகள் கிச்சுவின் இடம். நாலு வயது கிருஷ்ணப்ரியாவுக்கு மூக்கில் ஈரக்காற்று ஏறினால் போதும், ராத்திரி முழுக்க நெஞ்சு விசிலடிக்கும். திங்கட்கிழமை அகிலுக்கு ஷார்ஜா விமானம். அதன்பிறகு அவன் மனைவி பிரசீதாதான் தினமும் பிள்ளையை இந்தக் காரில் நெய்யாற்றின்கரை நர்சரிக்குக் கொண்டுபோக வேண்டும். போவதற்குள் அந்த ஒரு சீட்டைக் காயவைத்துவிட வேண்டும். அவனுக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

கடற்கரையில் நின்ற வண்டி, சீட்டில் உப்பு ஏறியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான்.

பத்து நாளுக்கு முன் பொழியூரில் சுந்தரதாஸ் என்பவரிடம் வாங்கிய கார் அது. வள்ளத்து எஞ்சின் ரிப்பேர் பார்க்கிற மனிதர். வீட்டின் முன்பாதியைக் கடல் எடுத்திருந்தது. மிச்சமிருந்த சுவரில் ஒரு சின்ன சைக்கிள் துருப்பிடித்துச் சாய்ந்திருந்தது. அதை ஓட்டுகிற வயதில் அங்கே பிள்ளை எதையும் அகில் பார்க்கவில்லை. காரைச் சுற்றிக் காட்டிய சுந்தரதாஸ், பின்னால் இடக்கதவுப் பக்கம் மட்டும் வரவே இல்லை.

“அடியில ரெண்டு ஓட்ட உண்டு மக்கா,” என்றார். “ரப்பர் மூடிய நாந்தான் எடுத்துக் களஞ்சேன். நீ வாங்கிப் போட்டுராத.”

“அதுவழியா தண்ணி ஏறாதாண்ணா?”

“ஏறாது. எறங்கும். அதுக்காக்கும் விட்டிருக்கது.”

“உள்ள தண்ணி எப்படி வரும்?”

சுந்தரதாஸ் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். “வரும். போக வழி வேணும், அவ்வளவுதான்.”

ஷார்ஜாவில் ஏசி குழாய்களின் கசிவை அடைப்பதுதான் அகிலின் வேலை. ஓட்டையைக் கண்டால் அடைக்காமல் விட அவன் கை கேட்காது. இன்று காலை உதியன்குளங்கரைக்குப் போய் இரண்டு ரப்பர் மூடிகளும் ஒரு டியூப் சிலிக்கானும் வாங்கிவந்து, காருக்கடியில் மல்லாந்து படுத்து, மூடிகளை அழுத்தி, சுற்றிலும் சிலிக்கான் பூசிவிட்டான். நல்ல வேலை. நகத்தை விட்டுக் கிளறினாலும் அசையாது.

மீதி இருந்தது சோதனை. ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார வேண்டும், ஒருவர் வெளியே ஹோஸ் பிடிக்க வேண்டும். மதியம் மூன்று மணிக்கு வானம் கறுத்துக் கிடந்தது. ஷெட்டின் ஓரத்தில் மோட்டார் இரைந்தது. பிரசீதா நைட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு ஹோஸோடு நின்றாள்.

“கேட்டியளா, இது காரா எருமையா? எந்நேரமும் இதக் குளிப்பாட்டுகதுதான் ஒங்களுக்கு ஜோலி.”

“நான் போனா நீதான ஓட்டணும்.”

“ஓட்டுவேன். இந்த மீன் நாத்தத்துக்கு வழியில உள்ள பூனையெல்லாம் பொறத்தால வரும். அதாக்கும் எனக்கு பயம்.”

“சிரிக்காம கேளு. கீழேருந்து தொடங்கணும். எடுத்தவொடனே மேல அடிச்சா எங்க ஒழுகுதுன்னு தெரியாது. நான் உள்ளேருந்து கண்ணாடியில தட்டுவேன். ஒரு தட்டுன்னா அங்க ஒழுகல, மேல போ. ரெண்டு தட்டுன்னா நிறுத்து.”

படியில் மஞ்சள் உடுப்போடு உட்கார்ந்திருந்த கிச்சு கேட்டாள், “மூணு தட்டுன்னா?”

“மூணு தட்டுன்னா அப்பா கிச்சுவக் கூப்பிடுதேன்.”

ஈரத்தில் ஷார்ட் ஆகிவிடக் கூடாதென்று பாட்டரி வயரைக் கழற்றிவிட்டிருந்தான். போனைப் படியில் வைத்தான். உள்ளே ஈரத்தை ஒற்றி எடுத்து, தரையெங்கும் பழைய பேப்பரை விரித்து, நான்கு கதவு ரப்பரிலும் கிச்சுவின் பவுடரைத் தூவினான். எங்கே நனைகிறதோ அங்கே கோடு விழும். கிச்சு நடுவில் வந்து திறந்துவிடக் கூடாதே என்று, நான்கு கதவிலும் கண்ணாடியோரம் நிற்கும் லாக் குமிழ்களை அமுக்கினான். பிறகு முன்சீட்டில் பின்னோக்கித் திரும்பி மண்டியிட்டான்.

கதவின் அடிப்பாகத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் முதலில் யாரோ அரிசி களைவதுபோல் மெதுவாக வந்தது. பிறகு அது தகட்டின் மேல் பரவி, கால் பக்கமாக ஊர்ந்து, சக்கரத்தின் மேல் மடிப்பில் தடதடத்து, மறுபடி கதவுக்கே திரும்பியது. மூடிய காருக்குள் பவுடர் வாசனையும் வலையின் வாடையும் ஒன்றாகக் கலந்து அவன் தொண்டையில் ஒட்டின. பேப்பர் காய்ந்தே இருந்தது. ஒரு தட்டு தட்டினான். தண்ணீர் கண்ணாடிக்கு ஏறியது. வெளியே பிரசீதா நெளிந்து, கரைந்து, வெறும் நிறமாக ஆனாள். உள்ளே அவன் மூச்சு கண்ணாடியில் படிந்து அந்த நிறத்தையும் மூடியது. டார்ச்சைச் சுற்றிலும் அடித்தான். பவுடர் அப்படியே வெள்ளையாக இருந்தது. ஒரு சொட்டுகூட இல்லை.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அடைத்தாயிற்று.

டொக்.

அவன் தட்டவில்லை. பின்னால் இடக்கண்ணாடியிலிருந்து வந்தது. பிரசீதாவின் மோதிரம் பட்டிருக்கும். ஆனால் அவள் தண்ணீரைக் கூரைக்கு ஏற்றினாள், யாரோ சொன்னதுபோல.

டார்ச்சைக் கீழே திருப்பினான். பின்சீட்டுக்கடியில் பேப்பர் கறுத்துக்கொண்டு வந்தது. வெளியிலிருந்து கசிகிற தண்ணீர் ஓரத்தில்தான் தொடங்கும். இது நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் பரவியது. இடக்கதவு ரப்பரின் பவுடரில் இப்போது கோடுகள் இருந்தன. நான்கு கோடுகள், பக்கத்தில் பக்கத்தில், குட்டையாக. உள்ளிருந்து வழித்தவை.

அகில் இரண்டு தட்டு தட்டினான். தண்ணீர் நின்றது.

டொக்.

தண்ணீர் மறுபடி விழுந்தது.

இரண்டு தட்டினான். நின்றது. பின்னாலிருந்து ஒன்று. விழுந்தது.

“வெளையாடுதியளா?” பிரசீதாவின் குரல் தண்ணீருக்கு அந்தப் பக்கம் மழுங்கிக் கேட்டது. “கிச்சுவ விட மோசமா இருக்கியளே.”

காலைக் கீழே இறக்கி, முன்கதவின் லாக் குமிழைத் தூக்கினான். கைப்பிடியை எட்டுவதற்குள் அது தானாகக் கீழே இறங்கியது. மறுபடி தூக்கினான். இறங்கியது, மெதுவாக, யாரோ ஒரு விரலால் அமுக்குவதுபோல. ஹாரனை அமுக்கினான். சத்தமில்லை, பாட்டரி வயர் கழன்று கிடந்தது. கத்தினான். அந்த நேரம் பார்த்துத் தகரக்கூரையில் மழை இறங்கியது. மழையும் மோட்டாரும் ஹோஸும் ஒரே இரைச்சலாகி அவன் குரலைத் தின்றன.

கணுக்காலுக்குத் தண்ணீர் வந்திருந்தது. குளிர்ந்த தண்ணீர். அது அசைந்தது. முன்னால் வந்து, பின்வாங்கி, மறுபடி வந்தது. கரையில் அலை வருகிற கணக்கில்.

முழங்கால்.

போக வழி வேணும், அவ்வளவுதான்.

குனிந்து கைகளை உள்ளே விட்டு, கார்ப்பெட்டைக் கிழித்து, ரப்பர் மூடியைத் தேடினான். விரலுக்கு அகப்பட்டது. அமுக்கினான். குத்தினான். நகம் மடங்கிப் பிய்ந்தது. மூடி அசையவில்லை. நல்ல வேலை. அவனுடைய வேலை.

இடுப்பு.

அப்புறம் பின்னாலிருந்து, அவசரமில்லாமல், தெளிவாக:

டொக். டொக். டொக்.

அகிலின் கை தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது.

“அம்மா, மூணு தட்டு,” என்று கிச்சு சொன்னது அவனுக்கு நன்றாகக் கேட்டது. எவ்வளவு கத்தியும் வெளியே போகாத காருக்குள் அவள் குரல் மட்டும் வந்தது. “அப்பா என்னக் கூப்பிடுது.”

“போயித் தொறந்து பாரு மக்கா,” என்றாள் பிரசீதா. “உள்ள இருந்துகிட்டு ஆளக் கிறுக்காக்குதாவ.”

பனித்த இடக்கண்ணாடியில் மஞ்சள் நிறம் வந்து நின்றது. வெளிப்பக்கம் ஒரு சின்னக் கை பதிந்தது. ஐந்து விரல்.

உள்பக்கம் பனியில் இன்னொரு கை பதிந்தது. அதே அளவு. விரலுக்கு விரல்.

கிச்சு சிரித்தாள்.

முன்கதவில் அவன் தூக்கித் தூக்கிப் பார்த்தும் குமிழ் நிற்கவில்லை. அவள் பக்கத்துக் கதவில் அது தானாக மேலே வந்தது.

அகில் சீட்டைத் தாண்டி விழுந்தான். தண்ணீர் வாயில் ஏறியது. உப்பு. கட்டைவிரலைக் குமிழின் தலையில் வைத்து முழுப் பலத்தோடு அமுக்கினான். இறங்கியது. பிடித்துக்கொண்டான். தொடைக்குப் பக்கத்தில், கிச்சுவின் இடத்தில், ஏதோ உட்கார்ந்திருந்தது. அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

“தொறக்காத.” தண்ணீர் நெஞ்சுக்கு வந்திருந்தது. “கிச்சு, தொறக்காத.”

வெளியே கைப்பிடி ஒரு முறை இழுபட்டது. கடக். இன்னொரு முறை. கடக்.

“அப்பா, வரல.”

கழுத்து.

குமிழைப் பிடித்திருந்த கட்டைவிரலின் மேல் சின்ன விரல்கள் வந்து படிந்தன. சில்லென்று. மணல் ஒட்டிய விரல்கள். அவை அவசரப்படவில்லை. ஒன்று அவன் நகத்தடியில் நுழைந்தது. அடுத்தது. பிறகு மெல்ல, பொறுமையாக, நெம்பத் தொடங்கின.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிச்சு இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.