எழுபத்துமூன்றாம் குடும்பம்

மூன்று வாரமாக உலகத்தில் ஒருவருக்கும் கனவு வரவில்லை. ஜெனிட்டாவின் கணவன் அமல்தாஸைத் தவிர யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"செத்துப்போன பிள்ளைய அதுலதான பாத்துக்கிட்டிருந்தேன், ஜெனிட்டா."

பழி அவளுடையது. அது அவளுக்கு மட்டுமே தெரியும்.

நம் உயிரணுக்களின் சவ்வில் நூற்றுக்கணக்கான வகை வாயில்கள் உண்டு. உப்பும் சர்க்கரையும் அவற்றின் வழியாகவே போய்வரும். அந்த வாயில்களைக் கட்டும் மரபணுக்களுக்குப் பெயரும் குடும்பமும் கொடுப்பது ஜெனிட்டாவின் வேலை. எல்லோர் ரத்தத்திலும் நீந்தும் காவல்நுண்ணிகள் அவளுடைய பெயரேட்டைப் பார்த்தே நடந்தன. பெயர் உள்ள வாயிலைக் குடும்ப வழக்கப்படி திறக்கும், பெயர் இல்லாததை ஓட்டை என்று அடைத்துவிடும்.

எழுபத்துமூன்றாம் குடும்பத்தில் ஒரே ஒரு மரபணுதான் இருந்தது, யார் சாயலும் இல்லாமல். ஒற்றை ஆள் எப்படிக் குடும்பமாகும் என்று மூன்று வாரம் முன்பு ஏட்டிலிருந்து அதை அடித்துவிட்டாள். அவ்வளவு சுத்தக்காரி. கனவின் உப்பை இரவில் மட்டும் மூளைக்குள் விடும் வாயில் அதுதான் என்று யார் கண்டது?

அடித்த எண்ணைத் திரும்பக் கொடுப்பது அவள் வேலைபார்க்கும் பெயரகத்தில் வழக்கமில்லை. வேறு குடும்பத்தில் சேர்க்க நூற்றுக்கு இருபது பங்கு சாயல் வேண்டும். தேடித் தேடிப் பார்த்ததில் பத்தொன்பதாம் குடும்பத்தோடு பதினெட்டு வந்தது. அவள் இருபது என்று எழுதினாள். பெயரேட்டில் அவள் எழுதிய முதல் பொய் அது.

பத்தொன்பதாம் குடும்பம் இதயத்துக்கு உழைப்பது, அதன் வாயில்கள் இரவு பகல் மூடுவதில்லை. அதை அவள் யோசிக்கவே இல்லை.

மூன்றாம் நாள் காலையில் சமையலறையில் அமல்தாஸின் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தாள். மேடைமேல் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் செத்துப்போன மகள் ரியா, அதே பள்ளிச் சீருடையில். ஜெனிட்டாவுக்கு அழக்கூட வரவில்லை, அத்தனை சந்தோஷம். ஆனால் அமல்தாஸ் ஜன்னல் பக்கம், தன் கனவில் வந்த ரியாவைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான்.

வெளியே நடுரோட்டில் ஒரு பேருந்து நின்றது. ஓட்டுநர் இறங்கி வெறும் காற்றைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்.

பெயரகத்திலிருந்து போன் வந்தது. "ஆபரேஷன் நடுவுல டாக்டருங்க கனவு காணுறாங்க மேடம். அந்தப் பேர உடனே அடிச்சிருங்க."

அடித்தால் இனி இரவிலும் ரியா வரமாட்டாள்.

"யார் பேரும்மா அடிக்கப் போற?" ரியா கேட்டாள்.

"ஒனக்குத் தெரியாதவங்க, கண்ணு."

இரண்டாவது பொய்யைச் சொல்லிவிட்டு ஜெனிட்டா பெயரேட்டைத் திறந்தாள்.